ஒலிபெருக்கிக்குப் பதில் சொல்கிறவள்

குருத்வாரா ஒலிபெருக்கி கரகரத்தால் போதும், முற்றத்தில் வறட்டி தட்டிக்கொண்டிருக்கும் சிந்தர் கவுர் பதில் சொல்லத் தொடங்கிவிடுவாள். கன்றுக்குட்டியைக் காணோம் என்று அறிவித்தால், "கட்டிப்போட வக்கில்லாதவனுக்கு மாடு எதுக்கு?" மின்கட்டணத்துக்கு நாளை கடைசி நாள் என்றால், "மொதல்ல கரண்ட்ட விடு, அப்புறம் கேளு." சேரியே சிரிக்கும்.

மே மாதம் வந்த அறிவிப்புக்கு மட்டும் அவள் வாய் திறக்கவில்லை. சேரிக்காரர்கள் யாரும் நிலமுள்ள ஜாட் சாதியாரின் வயல்வரப்பில் கால்வைக்கக் கூடாது. செய்த குற்றம், இந்த ஆண்டு பொது நில ஏலத்தில் நாங்களே நிற்போம் என்று சொன்னது. வரப்புப் புல்தான் அவள் எருமைக்குத் தீனி. எருமைப் பாலில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது.

ஆண்டுதோறும் குத்தகைக்கு ஏலம் விடும் ஊர்ப் பொது நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு சேரிக்கென்று சட்டம் சொல்கிறது. ஐம்பத்தைந்து வயதில் சிந்தர் அதில் ஒரு பிடி மண் கண்டதில்லை. பண்ணையார்கள் சேரியிலிருந்தே தங்கள் கூலியாள் ஒருவனை நிறுத்தி, அவன் பெயரில் ஏலம் எடுத்து, தாங்களே உழுவார்கள். ஆள் மாறுவான், டிராக்டர் மாறாது.

இம்முறை பண்ணையார் ஹர்சரண் சிங் நிறுத்திய ஆள் சிந்தரின் கொழுந்தன் நாஜர். புதுத் தலைப்பாகை, உட்கார நாற்காலி. பண்ணையார் காதில் ஓதிய தொகையை அவன் உரக்கச் சொன்னான். அதற்குமேல் கேட்கச் சேரிக்குச் சக்தியில்லை. ஏலம் முடிந்தது.

சிந்தர் எழுந்தாள். "நாஜர், நெலம் இப்ப யாருதுடா?"

ஏலம் நடத்தும் அதிகாரி எதிரே இருக்கையில் நாஜர் வேறென்ன சொல்வான்? "என்னுதுதான் அண்ணி."

"சத்தமா சொல்லு. ஐயாவுக்குக் கேக்கட்டும்."

"என்னுதுதான்!"

"நல்லதாப் போச்சு. கொழுந்தன் நெலத்துல புல்லு அறுக்க நான் எவனைக் கேக்கணும்?"

"வாய அடக்குடி," என்று ஹர்சரண் சிங் சீறினார்.

"உங்ககிட்டயா பேசுறேன் சர்தார்? நெலம் உங்களுதா என்ன?"

மறுநாள் காலை அரிவாளோடு அந்த நிலத்துக்குப் போனாள். பின்னால் சேரிப் பெண்கள். பண்ணையாரின் டிராக்டர் முன்னே, கையில் தடியோடு நாஜரை நிறுத்தியிருந்தார்கள். ஊருக்குள் ஒலிபெருக்கி கரகரத்தது: சேரிக்காரர்கள் உடனே வயலைவிட்டு வெளியேற வேண்டும்.

சிந்தர் நாஜரின் எதிரே குந்தி, அவன் செருப்பை ஒட்டி நின்ற புல்லை ஒரு கையால் வளைத்துப் பிடித்தாள்.

"கால எடுடா."

நாஜர் எடுத்தான்.