கிழக்குத் தெரு வராத கூட்டம்

2024 பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை. சாந்திபுரம் வாடகை அறையில் வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். வாசலைப் பெருக்கினேன். வீட்டுக்காரம்மா எழுவதற்குள் என் பங்கைப் பெருக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவரே சேர்த்துப் பெருக்கிவிட்டு நாள் முழுவதும் இடுப்பு வலியைப் பற்றிப் பேசுவார். ஆறரைக்குச் சித்தூரில் இருக்கும் கணவருக்குப் போன் செய்து பால் பாக்கெட்டை உள்ளே எடுத்து வைத்தாரா என்று கேட்டேன். வைத்திருந்தார். பருத்திப் புடவை ஒன்றை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு, முக்கு ஓட்டலில் மூன்று இட்லி சாப்பிட்டு, எட்டே காலுக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன்.

அன்று கூட்டம் நடக்க இருந்த ஊர் சாந்திபுரத்திலிருந்து அரை மணி நேரத் தூரம். ஊருக்குக் கிழக்கே கரடும் புறம்போக்கும், அதை ஒட்டி மல்பெரித் தோட்டங்களும் உண்டு. கரட்டுக்கு அடியில் தங்கம் இருக்கலாம் என்பது எங்கள் கம்பெனியின் கணக்கு. சுரங்கம் வருமா வராதா என்பதே தெரியாத கட்டம் அது. முதலில் புறம்போக்கில் சோதனைத் துளை போட்டு, கல்லை உருளை உருளையாக வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். ஊர் சம்மதிக்காமல் ஒரு துளையும் போடுவதில்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. அந்தச் சம்மதத்தைக் கேட்டு வாங்குவது என் வேலை. ஊர்த் தொடர்பு அலுவலர் என்று பெயர். நகரி பக்கத்துத் தறிக் குடும்பத்தில் பிறந்தவள் நான், தமிழும் தெலுங்கும் சமமாக வரும். அதனால்தான் இந்த வேலைக்கு எடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

பத்து மணிக்குச் சச்சிவாலயம் என்கிற ஊர் அலுவலகத்தின் முன்னால் ஷாமியானா போட்டுக் கூட்டம். திருப்பதி அலுவலகத்திலிருந்து எங்கள் மேனேஜர் விடிவதற்கு முன்பே கிளம்பி வந்திருந்தார். மண்ணியல் படித்தவர், மலையைப் பார்த்தால் முகம் மலரும், கூட்டத்தைப் பார்த்தால் வியர்க்கும். துளை எவ்வளவு அகலம், முடிந்ததும் எப்படி மூடுவோம், துளை போட்ட இடத்தை எப்படிச் சுத்தம் செய்துவிட்டுப் போவோம் என்றெல்லாம் நான் இரண்டு மொழியிலும் சொன்னேன். கேள்விகள் வந்தன. மாநில எல்லை தாண்டி அந்தப் பக்கம் மூடிக் கிடக்கும் பழைய சுரங்கத்து மண்மேட்டைப் பார்த்து வந்த ஒருவர், இங்கேயும் அப்படிக் குவித்துவிட்டுப் போவீர்களா என்று கேட்டார். சுரங்கம் என்று ஒன்று வந்தால் கழிவு எங்கே போகும் என்பதை முடிவு செய்யும்போது ஊரும் உட்கார்ந்திருக்கும் என்றேன். கடைசியில் ஊர்த் தலைவரான சர்பஞ்ச் எழுந்து, “ஏமண்டி, அந்தா சரேனா?” என்று, எல்லாம் சரிதானா எனக் கேட்டார். “சரே, சரே!” என்று கைகள் உயர்ந்தன. பிஸ்கட்டும் டீயும் வந்தன.

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, “ஒரே சிட்டிங்ல முடிஞ்சிருச்சு மேடம். துளை போடற ரிக் பலமனேர் தாண்டிருச்சாம். நாளைக் காலையில ஏத்திடலாம்” என்றார்.

நான் நாற்காலிகளை அடுக்குபவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிந்ததும் வந்தவர்களின் முகங்களைத் தெருவாரியாக ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்ப்பது என் பழக்கம். மேற்குத் தெரு வந்திருந்தது. கோயில் தெரு முழுவதும் வந்திருந்தது. காலனியில் இருந்தும் நிறையப் பேர். கிழக்குத் தெருவிலிருந்து ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை. துளை போடப்போவது கிழக்குத் தெருவின் கொல்லைக்குப் பின்னால்தான்.

சர்பஞ்சிடம் கேட்டேன்.

“அவங்க எங்கம்மா வருவாங்க?” என்று அவர் சிரித்தார். “எல்லா வூட்டுலயும் பட்டுப்புழு கடைசி ஜுரம் தாண்டி பெருந்தீனியில இருக்குது. இந்த டைம்ல கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டாங்க. சாவுக்கே தெருமுனையில நின்னுட்டுப் போயிடுவாங்க.”

புழு ஒவ்வொரு தடவை தோலுரிப்பதையும் இங்கே ஜுரம் என்பார்கள். நான்காவது ஜுரம் முடிந்தபின் அது ஒரு வாரம் ஓயாமல் தின்னும், பிறகு கூடு கட்டும். அந்த வாரத்தில் புழு வளர்ப்பவர்கள் கும்பலில் கலப்பதில்லை. யார் எந்தப் புழு மனையிலிருந்து நோவைச் சுமந்துகொண்டு வந்து பக்கத்தில் உட்காருவார்களோ என்ற பயம். இது ஊருக்கே தெரியும். அதனால்தான் எங்களிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தேதி குறித்தது நாங்கள், தலையாட்டியது மற்ற மூன்று தெருக்கள்.

“மெஜாரிட்டி இருக்கே மேடம்” என்றார் மேனேஜர்.

“சார், துளையால கஷ்டம் வராதவங்க எல்லாரும் சரின்னு சொல்லியிருக்காங்க. கஷ்டம் வர்றவங்களை நாம கேக்கவே இல்ல.”

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “நீங்க போய்ப் பேசிட்டு சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. அதுக்கு மேல ரிக்கை ரோட்டுல நிக்க வைக்க முடியாது” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கிழக்குத் தெருவின் கடைசி வீடு புறம்போக்கை ஒட்டி இருந்தது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான புழு மனை. அந்த வீட்டுப் பெண்ணை எனக்கு முன்பே பழக்கம். நாற்பது வயது இருக்கும். மல்பெரிக் கட்டு ஒன்றைத் தலையில் சுமந்து வந்தவர் என்னைக் கண்டதும் கையை நீட்டித் தடுத்தார்.

“அங்கயே நில்லு மேடம்! கும்பல்ல இருந்து நேரா வர்ற. ஊர் நோவெல்லாம் இட்டுக்கினு வந்துடாத.”

நின்றேன். ஒரு வாளியில் பிளீச்சிங் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். கையையும் காலையும் கழுவினேன். அப்படியும் மனைக்குள் விடவில்லை, வாசலில் இலைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்த்தினார். மனைக்குள்ளிருந்து அவர் கணவர் தலையை நீட்டினார்.

“வா மேடம். தங்கம் கிடைச்சா மொதல்ல எங்க வூட்டு அம்மாவுக்கு ஒரு மூக்குத்தி போடு. இருபது வருஷமா கேக்குது.”

“ஆமா, உங்கிட்ட கேட்டு அலுத்துப் போய் கம்பெனிகிட்ட கேக்கறேன்” என்றார் அந்தப் பெண். இலைக் கட்டை அவிழ்த்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். “மூக்குத்தி கிடக்கட்டும். நாளைக்கே மிஷின் வருதாமே. மேற்குத் தெருக்காரி இப்பதான் வரப்புல தள்ளி நின்னு சொல்லிட்டுப் போனா. எங்களை யார் கேட்டது?”

“கேக்கத்தான் வந்திருக்கேன்.”

“கை தூக்கி முடிச்சப்புறமா?”

அவரே விவரமாகச் சொன்னார். எந்திரம் நிற்கப்போகும் இடம் அவர் மனையிலிருந்து ஒரு வரப்புத் தள்ளி. டீசல் புகை காற்றோடு நேராக உள்ளே வரும். புழு பட்டைக் கக்கிக் கூடு கட்டும் நேரத்தில் புகை பட்டால் பாதியில் நிறுத்திவிடும். கூடு மெலிந்தால் மார்க்கெட்டில் தள்ளி வைத்துவிடுவார்கள். துளை போடத் தண்ணீர் வேண்டும், அதற்கு நாங்கள் குறித்திருந்தது புறம்போக்கில் உள்ள பஞ்சாயத்து போர், அதாவது ஆழ்துளைக் கிணறு. அதிலிருந்து நாள் முழுவதும் இழுத்தால் அவருடைய போரில் தண்ணீர் இறங்கிவிடும். கோடையில் அப்படி நடந்ததை அவர் பார்த்திருக்கிறார். அவருக்கு இருப்பது அந்த ஒரு போர்தான். அது வற்றினால் தோட்டம் காயும், தோட்டம் காய்ந்தால் புழு இல்லை.

“போர் போச்சுன்னா நாங்க மூட்டை கட்டிக்கினு பெங்களூருல சித்தாள் வேலைக்குத்தான் போவணும். என் அக்கா குடும்பம் அப்படித்தான் போச்சு. அங்க போய் துன்றதுக்கு இருக்குது, நிக்கறதுக்கு இடமில்ல.”

“அப்படின்னா துளையே வேணாமா?”

“நான் எங்க வேணாம்னு சொன்னேன்?” அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “எம் பையன் ஐ.டி.ஐ. படிக்கிறான். இங்கயே வேலை வந்தா எனக்குக் கசக்குமா? கூடு பிரிக்கறவரைக்கும் இந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் வரக்கூடாது. பஞ்சாயத்து போர்ல கை வெக்கக்கூடாது, தண்ணியை டாங்கர்ல வேற எங்கிருந்தாச்சும் கொண்டாங்க. அப்புறம் எம் போர்ல இன்னிக்கு எவ்ளோ தண்ணி இருக்குதுன்னு எங் கண்ணு முன்னாடி அளந்து சொல்லுங்க. நாளைக்கு இறங்கினா, முன்னாடியே அவ்ளோதான் இருந்துச்சுன்னு நீங்க சொல்லக்கூடாதில்ல?”

“சொல்லிடுச்சுப்பா லாயரு” என்றார் உள்ளேயிருந்து கணவர்.

“நீ இலையைப் போடு. புழு உன்னைத் துன்னப்போகுது.”

நான் பெட்டியில் உட்கார்ந்தபடியே மேனேஜருக்குப் போன் செய்தேன். அவர் பலமனேரை நெருங்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“புழுவுக்காக ரிக்கை நிறுத்தினோம்னு நான் மேலே எப்படிச் சொல்றது?”

“அப்படியே சொல்லுங்க சார். கூடு பிரிக்க அதிகமாப் போனா பத்து நாள். அதுவரைக்கும் கரட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற துளைகளை முதல்ல போடலாம். அங்க வீடும் இல்ல, தோட்டமும் இல்ல. அந்தப் பக்கத்து ஊருல போன மாசமே எல்லாத் தெருவும் உட்கார்ந்து ஒத்துக்கிட்டாங்க.”

“வரிசையை மாத்தினா எங்க கணக்கெல்லாம் மாறும்.”

“இந்தம்மாவுக்குப் பயிரே மாறும்.”

அவர் தணிந்த குரலில், “இதுக்கு முன்னாடி வேற மாநிலத்துல ஒரு வேலையில ஒரே ஒரு வீட்டை விட்டுட்டு மத்த எல்லார்கிட்டயும் சம்மதம் வாங்கினோம். அந்த ஒரு வீட்டால ரெண்டு வருஷம் கோர்ட்ல நின்னேன்” என்றார். “பேசிட்டுக் கூப்பிடறேன்.”

அவர் கூப்பிடும்வரை சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. தோட்டத்திலிருந்து வந்த குச்சிகளில் பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, கட்டுகளை ஒரே நீளத்துக்கு அடுக்கினேன். அடிப்பக்கம் எல்லாம் ஒரே திசையில். அந்தப் பெண் வந்து பார்த்து, “இதென்ன மேடம், புழு என்னா சீர்வரிசையா பாக்கப்போகுது?” என்றார். ஆனாலும் அடுக்கிய கட்டுகளைத்தான் முதலில் எடுத்துப்போனார். மதியம் ராகிக் களியும் கீரைக் குழம்பும் கொடுத்தார்கள். கை கழுவியபின் மீண்டும் பிளீச்சிங் வாளி. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வரப்பில் வந்து தள்ளி நின்றே பேசினார்கள். கூட்டத்தில் நான் இரண்டு மொழியில் சொன்னதை அங்கே ஒரு மொழியில், ஆனால் நான்கு தடவை சொன்னேன். காலையைவிட நல்ல கேள்விகள் வந்தன. ஒருவர் துளை மூடிய இடத்தில் மாடு கால் வைத்தால் உள்ளே போகுமா என்று கேட்டார். போகாது, சிமெண்ட் ஊற்றி அடைத்துவிடுவோம் என்றேன். மாடு அவருடையதாம், கொஞ்சம் கனமாம்.

நாலரைக்கு மேனேஜர் கூப்பிட்டார். ரிக் கரட்டுக்கு அந்தப் பக்கம் போகிறது. தண்ணீர் டாங்கரில் வரும். கூடு பிரித்த பிறகு கிழக்குத் தெருவிலேயே தனியாக ஒரு கூட்டம், அதில் சரி என்றால்தான் இந்தப் பக்கம் துளை. “அதுக்கு நானும் வர்றேன். ஆனா அந்த பிளீச்சிங்ல என் ஷூவை முக்கச் சொல்லாதீங்க” என்றார்.

அதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் முகத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. “சரி. போரை எப்போ அளப்பீங்க?” என்றார்.

மோட்டார் ஓடாமல் இரவெல்லாம் தண்ணீர் நிலைக்கு வந்தபின் அளந்தால்தான் சரியாக இருக்கும், காலையில் தோட்டத்துக்குக் கரண்ட் விடுவதற்கு முன்னால் வருகிறேன் என்றேன். “ஏமாத்திடாத” என்றார். கடைசி ஆட்டோவில் அறைக்குத் திரும்பினேன். வீட்டுக்காரம்மாவிடம், நாளை வாசலை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், இடுப்பு வலியைச் சாயங்காலம் வந்து கேட்டுக்கொள்கிறேன் என்றேன். சிரித்துவிட்டார். நல்ல தூக்கம்.

புதன்கிழமை காலையில் முதல் வேலையாக, அளவு நாடாச் சுருளைத் தோள்பையில் போட்டுக்கொண்டு, சொல்லி வைத்திருந்த ஆட்டோவில் கிழக்குத் தெருவுக்குப் போனேன். வெளிச்சம் அப்போதுதான் வந்திருந்தது. வரப்பில் ஏழெட்டுப் பேர் ஆளுக்கு ஒரு கை இடைவெளி விட்டு நின்றிருந்தார்கள். கையும் காலும் கழுவிவிட்டு, சுருளை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். தண்ணீரைத் தொட்டதும் அது கூவும், அப்போது நிறுத்தி எண்ணைப் படிக்க வேண்டும் என்றேன். போர்க் குழாயின் இடுக்கில் அவர் நாடாவை மெதுவாக விட்டுக்கொண்டே போனார். கூவியது. அவர் குனிந்து எண்ணைப் படித்து, வரப்பில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். நம்பாமல் நாடாவை இரண்டடி மேலே இழுத்து மறுபடியும் இறக்கினார். அதே எண். இரண்டாவது தடவையும் உரக்கச் சொல்லிவிட்டு, சுருளைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் நீட்டி, “உம் போரை நீ அளந்துக்கோ, எனக்கு இலை போடற நேரம்” என்று மனைக்குள் போனார்.