சஹனில் ஆறாவது இடம்

சம்பளம் வந்த சனிக்கிழமைகளில் எங்கள் அலுவலகத்து ஆறு பேரும் புதுக் கடை, புதுச் சாப்பாடு தேடிப் போவோம். அப்படித்தான் கெலிஓயாவில் சஹன் சாப்பிட்டோம்: ஒரே பெரிய தட்டில் சோறு, சுற்றி ஆறு பேர். பரிமாறியவர் மெலிந்தவர், மருதாணி பூசிய தாடி; அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் அவரை 'நானா' என்று கூப்பிட்டார்கள். தட்டை வைக்கும் முன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

பாதிச் சாப்பாட்டில், எங்களில் கலஹா ஊரிலிருந்து வரும் நண்பனுக்குப் போன் வந்தது. எச்சில் கையோடு எழுந்தான்.

"எல்லாரும் முடிக்கும் வரைக்கும் சஹன விட்டு எழும்பப்படாது மகன்," என்றார் அவர். குரலில் கோபமில்லை, பயம் இருந்தது.

"எழும்பினா என்ன நானா?" என்று நண்பன் சிரித்தான்.

"எழும்பின ஆள்ட இடம் காலியாப் போகும்."

அடுத்த மாதம் அதே கடைக்குத் திரும்பப் போனபோது கடும் மழை. ஐந்து பேர் வந்துவிட்டோம். அந்த நண்பன் மட்டும் கலஹாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். நானா எங்கள் முகங்களைப் பார்த்தார். சஹனை வைத்தார். பிறகு கை கழுவிவந்து, அவன் இடத்தில் உட்கார்ந்தார்.

"நானா, அவன் வந்துகிட்டு இருக்கான்," என்றேன்.

அவர் சோற்றில் கை வைத்தார். வரும் வழியில் மோட்டார் சைக்கிள் சறுக்கி அவன் இறந்துபோன செய்தி, நாங்கள் சாப்பிட்டு முடிக்கும் முன் போனில் வந்தது.

அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதன்பிறகு எந்தக் கடையிலும் நாங்கள் ஆறு பேராக உட்காரவில்லை.