ஊசியை அராவ விடாதவள்

லோர்னா ஸ்டாவிக் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். மோன்டானாவின் கிழக்குக் கோடியில், பனியிலும் சேற்றிலும், நாளைக்குத் தொண்ணூறு மைல். ஒரு பிள்ளையைக்கூட வழியில் விட்டுவந்தது கிடையாது. எந்த மேலதிகாரி சொன்னதையும் முதல் தடவையிலேயே கேட்டதும் கிடையாது. ஒருமுறை கல்யாணம் ஆகி நான்கே வருடத்தில் முடிந்துபோனது. அதைப் பற்றி யாராவது கேட்டால், "அவனுக்கு இந்த ஊர்க் காத்து ஒத்துக்கல" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

அவளுடைய அப்பா ஆர்வில் இந்த மார்ச்சில் போய்ச் சேர்ந்தார். கடைசி ஆறு வருடம் அவருக்குச் சவரம் செய்துவிட்டதும், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டதும், தூக்கம் வராத மதியங்களில் மாட்டுச் சந்தை நிலவரத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டியதும் அவள்தான். நிலத்தை அவளுக்கும் தம்பி டுவைட்டுக்கும் சரிபாதியாக எழுதிவைத்திருந்தார். குடும்பத்தின் பழைய ரிவால்வரைப் பற்றி மட்டும் தனியாக ஒரு வரி: கைத்துப்பாக்கி, வேலையைச் செய்கிறவருக்கு.

என்ன வேலை என்று அந்த வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. லோர்னாவுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது, வளைக்குழியில் கால் வைத்து ஒரு பெண்குதிரைக்கு முன்னங்கால் முறிந்தது. அப்பாவால் அதைச் சுட முடியவில்லை. ரிவால்வரை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவள் ஒரே தோட்டாவில் முடித்தாள். அவர் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பார்த்தால், சமையலறைக் கதவோரம் துப்பாக்கியின் தோல் உறை தொங்கும் ஆணி, அவள் கைக்கு எட்டும்படி ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது.

அந்தத் துப்பாக்கியை வாங்கியவர் ஆர்விலின் தாத்தா நெல்ஸ். அதன் குண்டுக்கு எந்தத் திருடனும் சாகவில்லை. பாம்புகள், வெறிபிடித்த ஒரு நரி, பிழைக்க வழியில்லாத குதிரைகள், அவ்வளவுதான். சுழலும் உருளையில் தோட்டா போட ஆறு அறை இருந்தாலும் ஐந்துதான் நிரப்புவார்கள். தோட்டாவை அடிக்கும் சுத்தி எப்போதும் காலி அறையின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். இல்லையென்றால் குதிரைமேலிருந்து குதிக்கும்போது தன் காலையே சுட்டுக்கொள்ள நேரும். எது காலி என்று மறக்காமலிருக்க நெல்ஸ் அந்த அறையின் விளிம்பில் ஒரு கீறல் போட்டுவைத்தார். நான்கு தலைமுறையாக அந்த ஓர் அறை மட்டும் வெடிச்சத்தமே அறியாதது.

டுவைட் பதினெட்டு வயதில் ஊரைவிட்டுப் போனவன். பில்லிங்ஸில் பயிர்க் காப்பீடு விற்கிறான். அடக்கம் முடிந்து, வந்தவர்களெல்லாம் பன்றித்தொடை ரொட்டியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவன் மட்டும் கார் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து, இரும்பு நாரும் பாலிஷும் போட்டு அந்த ரிவால்வரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நூறு வருடத்துக்கு மேல் ஏறிய பழுப்பு, இடதுபக்கம் முழுக்கப் போய்விட்டது. காலையில் மேசைமேல் வைத்து, "பாரு, புதுசு மாதிரி" என்றான். அவன் கண் வீங்கியிருந்தது. அதனால் லோர்னா திட்டாமல், அதை உறையில் போட்டு ஆணியில் மாட்டினாள்.

மே மாதம் அவன் தொலைபேசியில் கூப்பிட்டான். மாவட்ட அருங்காட்சியகத்தில் பேசிவிட்டானாம். கண்ணாடிப் பெட்டி, விளக்கு, அப்பா பெயர் போட்ட அட்டை, எல்லாம் தருகிறார்களாம். ஒரே ஒரு நிபந்தனை: சுத்தியின் நுனியில் தோட்டாவைக் குத்துகிற ஊசி இருக்கிறதே, அதை அரத்தால் அராவி எடுத்துவிட வேண்டும். சுடக்கூடிய துப்பாக்கியை அவர்கள் ஏற்பதில்லை. சனிக்கிழமை வருகிறார்கள். மாடுகளை விற்றாயிற்று, கடைசிக் குதிரையும் போய்விட்டது, வேலையே இல்லாதபோது வேலையைச் செய்கிறவர் என்று யாரும் இல்லையே என்றும் கேட்டான்.

லோர்னா தொலைபேசியை வைத்துவிட்டு, ரிவால்வரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு எமெட்டிடம் போனாள். ஐம்பது வருடமாகத் துப்பாக்கி பழுதுபார்க்கிறவர். துண்டைப் பிரித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இத யாரு தேய்ச்சது?"

"துக்கத்துல ஒருத்தன்."

"துக்கத்துல இருக்கறவனுக்கு அடிப்பிடிச்ச சட்டியக் குடுத்திருக்கணும். பாதி மதிப்பு போச்சு லோர்னா."

அப்புறம் அரை மணி நேரம் அதை ஆராய்ந்தார். உருளையைச் சுற்றினார், காதருகே வைத்துச் சொடுக்கைக் கேட்டார், குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். இரும்பு நல்ல இரும்பு, ஆனால் அந்தக் காலத்து இரும்பு என்றார். கடைத் தோட்டாவைப் போட்டால் கையிலேயே சிதறும். பழைய முறைக் கருமருந்தைக் குறைத்துப் போட்டால் தாங்கலாம்.

"தாங்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒன் எடத்துல நான் இருந்தா சுட மாட்டேன்."

"நீங்க என் எடத்துல இல்லையே எமெட்."

அவர் முனகிக்கொண்டே ஐந்து தோட்டா செய்து கொடுத்தார். ஆறாவதை அவரும் செய்யவில்லை, அவளும் கேட்கவில்லை. முதலாவதைக் கையில் பிடித்துச் சுடக் கூடாது, பழைய டயரில் கட்டிவைத்துத் தூரத்திலிருந்து கயிற்றால் விசையை இழுக்க வேண்டும் என்று மட்டும் வாக்கு வாங்கிக்கொண்டார். யார் பேச்சையும் கேட்காதவள் அதற்குச் சம்மதித்தாள்.

சனிக்கிழமை டுவைட்டும் அருங்காட்சியகத்து அம்மாளும் வந்து இறங்கியபோது, ஓடைக்கரையில் டிராக்டர் டயர் ஒன்றில் ரிவால்வர் கட்டப்பட்டிருந்தது. எதிரே மண்திட்டில் நான்கு காபி டப்பா. பழைய டிரக்கின் மறைவில், கையில் கயிற்றோடு லோர்னா. அந்த அம்மாள் காரைவிட்டு இறங்கிய வேகத்திலேயே திரும்ப ஏறிக்கொண்டாள்.

டுவைட் ஓடிவந்தான். "பைத்தியமா ஒனக்கு? வெடிச்சா?"

"வெடிச்சா டயருக்குத்தான் நஷ்டம்."

"அதோட மதிப்பு என்ன ஆகும்?"

"நாலு தலமொறை சுட்டுப் போகாத மதிப்ப நீ ஒரே ராத்திரியில தேச்சு எடுத்துட்ட. நீ மதிப்பப் பத்திப் பேசாத."

அவன் முகம் சிவந்தது. "அப்பா ஞாபகமா பத்திரமா இருக்கட்டும்னுதான் செஞ்சேன்."

"தெரியும். அதனாலதான் அன்னைக்கு ஒன்ன அடிக்கல. ஊசிய அராவிட்டா அது பத்திரம் இல்ல டுவைட். கண்ணாடிக்குள்ள வச்ச செத்த பல்லி. அந்தப் பெட்டியில அப்பா பேரப் போட்டு ஒரு செத்த பல்லிய வைக்க விடமாட்டேன்."

"வேலதான் முடிஞ்சுபோச்சே."

"வேலக்காரி முடியலையே. தலையக் குனி."

கயிற்றை இழுத்தாள். இடி போல ஒரு சத்தம். வெள்ளைப் புகை டயரைச் சுற்றிக்கொண்டு, காற்றில் கிழிந்து போனது. கந்தக நெடி மூக்கில் ஏறியது. அவள் எழுந்து போய், காலித் தோட்டாவைத் தள்ளி எடுத்து, அறையின் விளிம்பு நெடுக நகத்தை ஓட்டிப் பார்த்தாள். ஒருமுறை, திரும்பவும் ஒருமுறை. விரிசல் இல்லை. டயரிலிருந்து துப்பாக்கியை அவிழ்த்தாள்.

டுவைட் இம்முறை தடுக்கவில்லை. டிரக்கின் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தான்.

அவள் காலை அகட்டி நின்று, சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து, நின்று நிதானித்துச் சுட்டாள். முதல் டப்பா தப்பியது. இரண்டாவது எகிறி ஓடைக்குள் விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. நான்காவதன் விளிம்பு மட்டும் கிழிந்தது. மணிக்கட்டு வலித்தது. அந்த வலியை உதறாமல் அப்படியே வைத்துக்கொண்டாள். அப்பா இறந்ததிலிருந்து அவள் அழவில்லை. இப்போதும் அழவில்லை, ஆனால் மூச்சு அடிவயிறுவரை இறங்கிப் போனது, இரண்டு மாதத்தில் முதல் தடவையாக.

நேராகக் காருக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டினாள். அந்த அம்மாள் பயந்துகொண்டே இறக்கினாள். அப்பாவின் சேணத்தையும் தொப்பியையும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவற்றில் அராவ ஒன்றுமில்லை என்றாள். துப்பாக்கி வராது. அதைக் கொடுக்கக் கையெழுத்து கேட்டு வேறொரு நாள் வரவும் வேண்டாம். அந்த அம்மாள் சேணத்தை ஏற்றிக்கொண்டு, கொண்டுவந்திருந்த கண்ணாடிப் பெட்டியைக் காலியாகவே திருப்பிக் கொண்டுபோனாள்.

டுவைட் போகவில்லை. வாசல்படிவரை பின்னாலேயே வந்தான்.

"ஒனக்கப்புறம் யாருக்குன்னு யோசிச்சியா?" என்றான். "ஒனக்கும் புள்ள இல்ல, எனக்கும் இல்ல."

"ஊசி இருந்தா யாருக்காவது போகும். இல்லன்னா யாருக்கும் போகாது."

கருமருந்துக் கரி ஊறினால் இரும்பைத் தின்றுவிடும். சோப்பும் கொதிநீரும் விட்டு உடனே கழுவியாக வேண்டும். லோர்னா உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அவன் வெளியிலேயே நிற்பதைப் பார்த்து, உள்ளே வந்து கதவைச் சாத்து, காற்று அடிக்கிறது என்றாள்.