மீன் தலை இல்லாத படம்

வில்லன் பேசும் இடம் வந்தால் பேச்சி குரலைக் கட்டையாக்கிக்கொள்வாள். அவன் பேசி முடித்ததும் ஒரு தடவை திரும்பித் துப்பிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவாள். கொச்சி மட்டாஞ்சேரி கிட்டங்கியில் சுக்குத் தூசிக்கு எல்லாரும் தும்மிக்கொண்டே இருப்பார்கள். வாசிக்கும்போது பேச்சிக்கு மட்டும் தும்மல் வராது. இடது கையில் ஒரு சுக்குத் துண்டு உருண்டுகொண்டே இருக்கும்.

சுக்கைத் தரம் பிரிக்கும் பெண்களில் தமிழை எழுத்துக் கூட்டாமல் வாசிப்பவள் அவள் ஒருத்திதான். இளையவர்களுக்கு மலையாள எழுத்துதான் தெரியும். மூத்தவர்களுக்கு எதுவும் தெரியாது. அதனால் அங்கே ஒரு வழக்கம். பேச்சி தொடர்கதை வாசிப்பாள். மற்றவர்கள் தாங்கள் பிரித்த சுக்கில் ஆளுக்கொரு கை அள்ளி அவள் கூடையில் போடுவார்கள். கூடை நிறைந்தால்தான் அன்றைய கூலி.

அவளுக்குப் பிடித்த கதையின் பக்கங்களைப் பத்திரிகையிலிருந்து கிழித்தெடுத்து, சாக்கு தைக்கும் சணலால் தைத்து வைத்திருக்கிறாள். புருஷன் அடித்துத் துரத்திய தாயம்மா என்பவளின் கதை அது. நடுவில் ஓர் அத்தியாயத்தில் எதுவுமே நடக்காது. தாயம்மா தன் சம்பாத்தியத்தில் ஒரு மீன் வாங்குவாள், குழம்பு வைப்பாள், தலையைத் தானே தின்பாள். புருஷன் வீட்டில் அவளுக்கு வால்தான் கிடைத்தது. முதல்முறை அதை வாசித்தபோது எதிரே உட்காரும் சீனியம்மாள் கையில் சுக்கு அப்படியே நின்றுவிட்டது. "இன்னொருக்கா படிட்டி" என்றாள்.

பிறகு அந்தக் கதை சினிமாவாக வந்தது. எல்லாரும் சேர்ந்து தோப்பும்படிக்குப் போய்ப் பார்த்தார்கள். பேச்சி மீனுக்காகக் காத்திருந்தாள். மீன் வரவேண்டிய இடத்தில் தாயம்மா தோணியில் நின்று பாடினாள். கொட்டகையே கேட்கும்படி பேச்சி, "மீன் எங்கெ?" என்றாள். பின்வரிசையில் ஒருவன், "மார்க்கெட்டுல உண்டு சேச்சி" என்றான். சீனியம்மாளும் சேர்ந்து சிரித்தாள்.

கதையில், கடைசியில் புருஷன் வந்து கதவைத் தட்டுவான். தாயம்மா திறக்க மாட்டாள். படத்திலோ மழையில் ஓடிப்போய் அவன் காலில் விழுந்துவிட்டாள்.

படம் பார்த்த சூட்டில் பெண்கள் கதையை முதலிலிருந்து மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். மீன் அத்தியாயம் வந்தபோது பாட்டை முணுமுணுத்தார்கள். நேற்று சாயா குடித்தபின் கடைசி அத்தியாயம். பேச்சி சணலைத் தளர்த்தியதும் சீனியம்மாள் கேட்டாள்:

"தாயம்மா கதவைத் தொறந்துட்டான்னு படிப்பியா, திரும்பவும் பழைய மாதிரிதானா?"

"இதுல என்ன இருக்கோ அதைத்தான் படிப்பேன்க்கா."

"கண்ணால பாத்தோம்லா. அவன் பாவம், நனைஞ்சிட்டு நிக்கான்."

"நனையட்டும். அவ பட்டினி கிடந்தப்ப இவன் எங்கெ நின்னான்? சினிமாக்காரன் மீனைத் தின்னுட்டான். அதான் உங்களுக்கு அந்தப் புருஷன் பாவமாத் தெரியுது. அந்தத் தலையைத் தின்னவ கதவைத் தொறக்க மாட்டா."

"அப்பம் வெறுங்கூடையோட போ" என்றாள் சீனியம்மாள். சிரிப்பு இல்லை. கை அள்ளிப் போட யாரும் எழவில்லை.

பேச்சி வாசிக்கத் தொடங்கினாள். கதவு தட்டும் இடம் வந்தது. வழக்கம்போல் கட்டைக் குரலில் புருஷன் கெஞ்சினான். சீனியம்மாள் எழுந்து வந்தாள். இரண்டு கையும் கொள்ளாத சுக்கைப் பேச்சியின் கூடையில் கொட்டினாள். "தொற, பேச்சி" என்றாள், மெதுவாக.

பேச்சி விரலை வரியில் வைத்து அடையாளம் பிடித்தாள். மறு கையால் கூடையைத் தூக்கி, அந்தச் சுக்கையெல்லாம் சீனியம்மாளின் குவியலிலேயே கவிழ்த்தாள். பிறகு வெறுங்கூடையை மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரும்பி ஒரு தடவை துப்பிவிட்டு, அடுத்த வரிக்குப் போனாள்.