இனோகுச்சி காட்டும் மணிக்கட்டு

கத்தரிக்கோலை நிறுத்திவிடுகிறார் இனோகுச்சி. வேறொன்றும் செய்வதில்லை. போர்வைக்குள் உட்கார்ந்திருக்கும் மீன்கடைக்காரருக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. "ஒண்ணுமில்லண்ணே, மாமியாரோட சின்னதா ஒரு தகராறு..." என்று தானாகவே வந்து விழுகிறார். கத்தரி மறுபடி கிச்கிச் என்கிறது.

எங்கள் ஊர் முடிதிருத்துபவரான அவரின் கெண்டோ வாள்சண்டையும் இதேதான். முகக்கவசத்துக்குள் தூங்குகிறாற்போல் நிற்பார். மூங்கில் வாள் மெல்ல உயரும். வலது மணிக்கட்டு, வா ராசா என்று திறந்து கிடக்கும். அதைக் குறிவைத்துக் கூவிக்கொண்டு பாய்ந்தால், அங்கே மணிக்கட்டு இருக்காது. நம் மண்டையில்தான் 'டப்'பென்று விழும். பிறகு மூக்கால் ஒரு குரல்: "வாசல் தொறந்திருந்தா வீட்ல ஆள் இல்லன்னு அர்த்தமாடா?" குடிக்க உட்காரும்போது அந்தக் குரலில் நான் பேசிக்காட்டினால் முதலில் சிரிப்பவர் அவர்தான்.

ஆண்டுக் கடைசி விருந்தில் அந்த வித்தையைப் பயிற்சிக்கூடத்துக் கூட்டாளி ஹதானோவிடமே காட்டிவிட்டார். ஊர்ப் போட்டிக்கு அணித்தலைவர் யார் என்று பேச்சு. "முட்டி போச்சுய்யா, எனக்கு வேணாம்" என்று முழங்காலைத் தடவினார் இனோகுச்சி. ஹதானோவுக்கு அந்தத் தலைவர் இடத்தின்மேல் உயிர். ஆனாலும் மரியாதைக்கு, "நீயே வேணாங்கிறப்ப நான் எப்படிய்யா?" என்றார்.

"சரி, அப்ப நானே நிக்கிறேன்!" என்று நிமிர்ந்தார் இனோகுச்சி.

எல்லோரும் சிரித்தோம். ஹதானோவும் சிரித்தார்.

அதற்குப் பிறகு ஹதானோ முடிவெட்ட இனோகுச்சி கடைப்பக்கம் வரவில்லை. பயிற்சிக்கூடத்தில் அவர் பின்னங்கழுத்தைப் பார்த்து, "படிக்கட்டு மாதிரி வெட்டியிருக்கான், பாவி" என்றார் இனோகுச்சி. சிரிக்கவில்லை. ஒருநாள் தெருவில் ஹதானோ போவதைக் கண்டு சீப்போடு வெளியே ஓடியவர், "இன்னிக்கு வெயில் சாஸ்தி" என்று மட்டும் அவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

போன மாதம், ஹதானோ சப்போரோவில் இருக்கும் மகன் வீட்டுக்கே குடிபோகிறார் என்று தெரிந்தது. அவருடைய கடைசிப் பயிற்சி நாளில் இனோகுச்சி என் காதருகே வந்தார். "இன்னிக்கு அவன்கிட்ட நெசமாவே ஒரு அடி வாங்கப்போறேன். வாங்கிட்டு, தோத்தேன்யான்னு சொல்லிடுவேன். அவனுக்குப் புரியும்."

இருவரும் எதிரெதிரே நின்றார்கள். இனோகுச்சியின் வாள் உயர்ந்தது. மணிக்கட்டு திறந்தது. பின்னால் எந்தத் தந்திரமும் இல்லை, வெறும் காலியிடம். ஹதானோவின் வாள்முனை துடித்தது. வரவில்லை. இனோகுச்சி இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

"வாய்யா!"

"போதும்யா" என்றார் ஹதானோ, கவசத்துக்குள்ளிருந்து. "ஒருதரம் நுழைஞ்சு பாத்தாச்சு."

நேரம் முடிந்ததென்று மேளம் அடித்தார்கள். இருவரும் குனிந்து வணங்கினார்கள். ஹதானோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார்.

இனோகுச்சி சுவரோரம் மண்டியிட்டு உட்கார்ந்தார். முகக்கவசத்தைக் கழற்றவில்லை. வலது கையுறையை மட்டும் உருவிவிட்டு, யாரும் தொடாத அந்த மணிக்கட்டை, அடிபட்டவர் போலத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.