ரயில் நிற்காத ஸ்டேசனில் குடியிருந்தோம்

மாத்தளைக்குப் போகும் கிளைப்பாதையில், கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி ஒரு சிறிய ஸ்டேசன் இருந்தது. பஸ் ஓடத் தொடங்கியதும் ஏறுவோர் குறைந்துபோக, அதை மூடிவிட்டார்கள். அப்பா தண்டவாளம் திருத்தும் வேலையில் இருந்தார். சும்மா கிடந்த கட்டடத்தில் நாங்கள் குடியிருக்க மேலதிகாரி வாய்ச்சொல்லாகச் சம்மதித்தார். டிக்கட் கொடுத்த அறையில் சமைத்தோம். பயணிகள் காத்திருந்த அறையில் படுத்தோம். ரயில்கள் நிற்காமல் போகும். அந்த நேரங்களில் கரி படியாமலிருக்க அம்மா கொடியில் காயும் துணிகளை உள்ளே எடுத்துவிடுவார்.

எனக்குப் பதினான்கு வயதில், ஒரு மழைநாள் மத்தியானம், முன்னால் மண் சரிந்திருப்பதாகச் சொல்லி ரயிலை எங்கள் வாசலில் நிறுத்தினார்கள். இறங்கியவர்கள் நேரே வீட்டுக்குள் வந்தார்கள். அவர்களுக்கு அது ஸ்டேசன்தான்.

"வாங்க, உள்ளுக்கு வாங்க," என்ற அம்மா, சோற்றுப் பானையை இறக்கிவிட்டுப் பால் இல்லாத பிளேன்டீக்குத் தண்ணீர் வைத்தார்.

மடவளையில் கடை வைத்திருந்த ஒருவர், "ரயில் இங்க நிண்டா எங்கட ஆக்களுக்கும் லேசு. பெட்டிசன் ஒண்டு எழுதுவோம்," என்றார். மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"மகள், சிங்களம் எழுதுவீங்களா?"

பக்கத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன். கொப்பியின் நடுத்தாளைக் கிழித்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுத்து அழகாக வரவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். அம்மாவும் வைத்தார்.

சில மாதங்களில் ரயில் இலாகாவிலிருந்து அப்பாவுக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. ரயில் மறுபடி நிற்கப் போகிறது, கட்டடத்தை இரண்டு வாரத்தில் விட வேண்டும். வாசித்துக் காட்டியதும் நான்தான்.

"அன்னைக்கு எழுதுனதுக்கா இது?" என்று கேட்டார் அப்பா.

"ஆமாப்பா."

"எழுத்து நல்லாத்தான் இருந்திருக்கு," என்றார் அம்மா.

கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறை கிடைத்தது. ரயில் நின்ற முதல் நாளே பாய், சட்டி, பெட்டியோடு ஏறினோம். புதிய ஸ்டேசன் மாஸ்டர் எங்கள் சமையலறை ஜன்னல் வழியாக டிக்கட் நீட்டினார்.

எனக்குக் கல்யாணமான வருடம் அந்த ஸ்டேசனை மறுபடியும் மூடினார்கள். ஏறுவதற்கு ஆள் இல்லையாம். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். திரும்பவும் அங்கே குடியிருக்கக் கேட்டுப் பார்க்கலாமா என்றேன்.

"வேணாம், தண்ணிக்கு ரொம்ப தூரம் நடக்கணும்," என்றார் அம்மா.