மதிலுக்கு வெளியே மெழுகுவர்த்தி

ஈப்போவில் நான் குடியிருக்கும் தெருவில், சீனர்களின் ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் மாலையில் நடப்பது கஷ்டம். வாசலுக்கு வாசல் சோறும் கறியும் பழமும் பரப்பி ஊதுபத்தி கொளுத்தியிருப்பார்கள். எல்லாம் செத்தவர்களுக்கு. வந்த புதிதில் ஒரு கடை வாசலில் அதைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். கடைக்காரர் எனக்குத்தான் பசி என்று நினைத்து, 'மாக்கான், மாக்கான்' என்று மலாயில் சாப்பிடச் சொல்லி ஒரு கிண்ணம் சோற்றை நீட்டினார். விக்கிரகங்களுக்குப் படைத்ததைத் தொடாதே என்று வளர்க்கப்பட்ட புராட்டஸ்டண்டுக்காரன், வயிற்றைத் தொட்டு வேண்டாமென்று கைகாட்டினேன். வயிற்றுவலி போல என்று மனிதர் தைலம் எடுத்துவந்தார்.

சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன். விளக்கேற்றியதும் மனைவியின் நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தத் தேசத்தில் அது எழுந்து போவதே இல்லை.

அவள் ராஜபாளையத்து ஆர்.சி. கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்காக எங்கள் சபைக்கு வந்தவள். தலைப்பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சபைக் கல்லறையில் அடக்கம். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் என் மாமியார் மெழுகுவர்த்தியோடு பஸ்ஸேறி வருவார். உள்ளே ஏற்ற உபதேசியார் விடமாட்டார். மதிலுக்கு வெளியே, ரோட்டோரத்தில் ஏற்றி, முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு நிற்பார். ஒரு வருஷம் என்னிடம் கேட்டார்.

"உங்க சபையில செத்தவியளுக்கு ஜெபம் கிடையாதாமே மாப்பிள்ளை. அப்ப எம்மக தனியாவா கெடக்கா?"

கர்த்தரின் கையில் இருக்கிறாள், அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்றேன். அதை இன்றும் நம்புகிறேன்.

போன மாதம் இங்குள்ள எங்கள் தமிழ்ச் சபைக் கோயிலில் சீர்திருத்த ஞாயிறு பிரசங்கம். பாவமன்னிப்பைச் சீட்டுப் போட்டு விற்றதை எதிர்த்து ஒரு துறவி எழுந்த கதையைப் போதகர் அருமையாகச் சொன்னார். கடவுளுக்கும் நமக்கும் நடுவே நின்றவர்களையெல்லாம் சீர்திருத்தம் அப்புறப்படுத்தியது. நல்ல காரியம். அந்த வேகத்தில் செத்துப்போனவர்களையும் சேர்த்து அப்புறப்படுத்திவிட்டோமோ என்றுதான் எனக்குச் சந்தேகம். ஊரில் இதை வாசிக்கும் சபையார் கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

அதே வாரம் ராஜபாளையத்திலிருந்து கப்பலேறி வந்த ஒருவர், மாமியார் ஆடியிலேயே தவறிவிட்டதாகச் சொன்னார். இந்த வருஷம் அந்த மதிலோரத்தில் நிற்க யாருமில்லை.

கல்லறைத் திருநாளன்று இவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைக்குப் போனேன். பெயர் அழிந்த யாரோ ஒருவரின் கல்மேல் மெழுகுவர்த்தியை ஏற்றினேன். ஜெபிக்க வாய் வரவில்லை. எங்களுக்கு அதற்கு வார்த்தையே கிடையாது. பக்கத்தில் ஜெபமாலையோடு இருந்த தமிழ்ப்பெண் யாருக்கு என்று விசாரித்தாள். மனைவிக்கு, அடக்கம் ஊரில் என்றேன்.

"பேரைச் சொல்லுங்கண்ணே. நானும் சேத்துச் சொல்லுதேன்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் கல்லில் கிருபை என்று வெட்டியிருக்கிறது. எங்கள் சபையில் சேர்ந்த அன்று, மாமியார் வைத்த பெயரை மாற்றிப் போதகர் வைத்த பெயர். நானும் வேறு பெயரில் அவளைக் கூப்பிட்டதில்லை.

"சவேரியம்மாள்" என்றேன்.